இந்த விலாசத்தில் வசிக்கும் வண்டி

முத்தியால்பேட்டையில் எங்கள் வீடு:
முன்னறை, பின்னறை, நடுவில் ஒரு திரை.
இந்த விலாசத்தில் ஒரு கார் வசிக்கிறது.
நான் பார்த்ததில்லை.

புரோக்கர் ஞானப்பிரகாசம் வாடகைப் பத்திரம் எழுதி
யாரோ ஒருவரை எங்கள் மாடியில் குடிவைத்தார்.
எங்களுக்கு மாடி கிடையாது.
புதுச்சேரி நம்பர் என்றால் வரி குறைவாம்.
கையில் மூவாயிரம் கொடுத்தார்,
சீட்டுப் பணத்துக்குச் சரியாகப் போனது.

ஆறு வருடமாகக் கடிதம் வருகிறது,
கல்யாணப் பத்திரிகை மாதிரி வழவழத் தாளில்.
தபால்காரர் செபாஸ்தியான்
“பன்னிரண்டு சிலிண்டர் அம்மா!” என்று
வாசலில் நின்று கத்துவார்.
எங்களிடம் இருப்பது ஒரே சிலிண்டர்,
அதுவும் புக் பண்ணி ஒன்பதாம் நாள் வருவது.

படித்துப் படித்து அதன் உடம்பு பழகிவிட்டது,
தூர ஊரில் இருக்கும் நாத்தனாரின் சர்க்கரை அளவு போல.
முதல் வருடம் எல்லாம் இலவசம், கூடவே வாழ்த்து.
இரண்டாம் வருடம் ஆயில் மாற்ற நாற்பத்தாறாயிரம்.
மூன்றாம் வருடம் வாரன்டி முடிந்தது.
மறுவாரமே
(தேதியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்)
டர்போவில் சத்தம்.

ஒரு கடிதம் சொன்னது:
ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் ஆயில் குடிப்பது
இந்த வகை என்ஜினுக்கு இயல்பே, கவலைப்பட வேண்டாம்.
என் மைத்துனர் படித்திருந்தால்
ஃபிரேம் போட்டு மாட்டியிருப்பார்.

அப்புறம் ஒரு வருடம் கடிதமே இல்லை.
அசிங்கம்தான், ஆனால் சொல்கிறேன்:
என்ன ஆச்சோ என்று இருந்தது.

போன மாதம் தட்டாஞ்சாவடியிலிருந்து
ஒரு மெக்கானிக் கூப்பிட்டார். பெயர் எத்தியேன்.
கம்பெனி கேட்டதில் பாதிக்கு முடிப்பதாக
இவர் சொன்னாராம், அதை நம்பி விட்டுப் போனார்களாம்.
எட்டு மாதம். போன் எடுப்பதில்லை.
ஆர்.சி.யில் உங்கள் கதவு எண்தான் இருக்கிறது, அக்கா.

மொபெட்டை எடுத்துக்கொண்டு போனேன்.

தொழிற்பேட்டையின் கடைசி ஷெட்.
தார்ப்பாயை விலக்கினார்.
முந்நூற்றுப் பத்து கிலோமீட்டர் வேகம் போகுமாம்.
கண்ணாடியில் யாரோ விரலால்
‘கழுவவும்’ என்று எழுதியிருந்தார்கள்.
என்ஜின் வெளியே, சங்கிலியில் தொங்கிக்கொண்டிருந்தது.
அது இருந்த குழியில்
ஒரு பூனை மூன்று குட்டி போட்டிருந்தது.

“எதற்கு இதை இறக்கினீர்கள்?”

சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார்:
ஒரு ரப்பர் வளையம்.
அப்பளம்போல வெந்து, விரல் பட்டதும் ஒடிந்தது.
விலை இருநூற்று இருபது.
அதைத் தொட்டுப் பார்க்கவே
இரண்டு லட்சம் கூலி.

“கேஸ் சிலிண்டரில் வாஷர் போனால்
பையன் ஒரு நிமிஷத்தில் மாற்றிவிடுகிறானே,
பத்து ரூபாய்க்கு?”

சிரித்தார். “உங்கள் சிலிண்டர் வெளியே நிற்கிறது, அக்கா.
இதில் பன்னிரண்டையும் ஒரே பெட்டிக்குள்
காற்று நுழையாமல் நெருக்கியிருக்கிறார்கள்.
ஓடும்போது ஒன்றும் தெரியாது.
நின்ற பிறகுதான் சூடு வேலையைக் காட்டும்.”

இறக்கியதோடு விடவில்லை.
இறக்கிய பிறகு பார்த்தால் செயினும் தளர்வு,
செயினைப் பார்த்தால் வால்வு சீல்.
தாளை நீட்டினார்: பதினேழு லட்சத்து எண்பதாயிரம்.
கீழே இரண்டு கட்டம்,
சம்மதம், சம்மதமில்லை.
வாடிக்கையாளர் கையெழுத்து.
விலாசம் சரியாகத்தான் அடித்திருந்தது,
முத்தியால்பேட்டையில் ஓர் எழுத்துப் பிழைகூட இல்லை.

பேனாவைத் திருப்பிக் கொடுத்தேன்.
“ஷெட் வாடகைக்காவது ஒரு வழி சொல்லுங்கள்” என்றார்.
அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது.
“குட்டிகள் கண் திறக்கும் வரை
என்ஜினை ஏற்றாதீர்கள்” என்று மட்டும் சொன்னேன்.
அதில் அவருக்குச் சிரமம் இருக்காது.

வெளியே வந்து மொபெட்டை உதைத்தேன்.
கடல் காற்று தின்ற சைலன்சர், பதினோரு வயசு.
போன தீபாவளிக்கு ஒரு பிளக், தொண்ணூறு ரூபாய்.
முதல் உதைக்குக் கிளம்பவில்லை.
இரண்டாவதுக்கும் இல்லை.
எத்தியேன் உதவிக்கு எழுந்து வந்தார்.
வேண்டாம் என்று கை காட்டினேன்.

மூன்றாவதில் கிளம்பியது.
எப்போதும் மூன்றாவதில்தான்.