ஏழிலிருந்து ஒன்பது வரை

ஏழிலிருந்து ஒன்பது வரை என்னுடையது.
அந்நேரம் மாமெலோடியில் யாரும் ஆடுவதில்லை.
நாற்பது நாற்காலிகள் மேசைகளின்மேல் கவிழ்ந்து
கால்களைக் கூரைக்குக் காட்டிக்கொண்டிருக்கும்.
அந்தக் கால்களுக்குத்தான் பாட்டுப் போடுவேன்.
மொத்தம் நூற்றறுபது.
புட்டி அடுக்கும் பையனின் தாளம்
எப்போதும் அரை அடி முந்தும்.
நிமிடத்துக்கு நூற்றுப் பதினாறு அடி,
அதைத் தாண்டினால்
கணக்குப் புத்தகத்திலிருந்து மாலெசெலா தலையைத் தூக்குவார்:
"ஹுனாடி, களியே இன்னும் கிண்டவில்லை, என்ன அவசரம்?"

சம்பளம் ஒரு தட்டுக் களி, ஒரு கோழிக்கால்,
வீடு திரும்ப டாக்சிக் காசு.
மழை பெய்தால் டாக்சிக் காசு மட்டும்.

என் ஹெட்போனில் இடது பக்கம் மட்டும்தான் பேசும்.
தம்பி ஃபுதி அதன்மேல் உட்கார்ந்த நாளிலிருந்து
வலது பக்கம் ஊமை.
அதனால் வரப்போகும் பாட்டு இடது காதில்,
போய்க்கொண்டிருக்கும் பாட்டு வலது காதில், வெறும் காற்றாக.
இரண்டும் ஒட்டும் இடம்
மூக்குக்குப் பின்னால் எங்கோ இருக்கிறது.
தும்மலுக்கு முன்னால் வருமே, அந்தக் குறுகுறுப்பு,
அது வந்தால்தான் விரலை நகர்த்துவேன்.

"வீட்டுக்கு மனுப் போட்டுப் பதினேழு வருஷம்,"
என்றாள் அம்மா, நகரத்தில் நாலு மாடி துடைத்துவிட்டு வந்து,
"பட்டியலில் என் பெயர் அசையவில்லை.
உனக்கு மட்டும் தினம் ராத்திரி ஒரு ஹவுஸ்."
சிரித்தாளா என்று தெரியவில்லை. மின்சாரம் இல்லை.

இதற்கெல்லாம் முன்னால் மாதோமேயின் டாக்சி.
குறுந்தட்டில் பதிந்து கொடுப்பேன்,
பிளட் தெரு நிலையம்வரை போய்வந்து தீர்ப்புச் சொல்வான்:
"ஆறாவது பாட்டில் ஒரு நர்ஸ் தூங்கிவிட்டாள்.
எட்டாவதில் இரண்டு பேர்
இறங்கவேண்டிய இடத்தை விட்டுவிட்டுச் சண்டைக்கு வந்தார்கள்.
எட்டை வைத்துக்கொள். ஆறைத் தூக்கு."
நான் ஆறையும் தூக்கவில்லை.
இரவுப் பணி முடிந்தவளைத் தூங்கவைப்பது
சின்ன வேலையா என்ன.

பிறகு அந்த சனிக்கிழமை.
பத்து மணிக்காரன் ட்லாடி. பெயருக்குப் பொருள் மின்னல்.
அவன் கார் விட்பேங்க் சாலையில் நின்றுபோனது.
"இறங்காதே, தொடர்ந்து போடு," என்றார் மாலெசெலா.
ஒன்பதுக்குப் பிறகு அந்த மேடை எப்படி இருக்கும் என்று
எனக்குத் தெரியாது.
விளக்குகள்கூட வேறு நிறம்.
பயந்தேன்.
யாரோ விட்டுப்போன பென் டிரைவைச் செருகி
எனக்குப் பழக்கமில்லாத பாட்டுகளை வேகமாக ஓட்டினேன்.
நிமிடத்துக்கு நூற்றிருபத்தாறு அடி,
அத்தனையும் என்மேலேயே விழுந்தன.
விசில் வந்தது, நல்ல விசில் அல்ல.
பதினொன்றேகாலுக்குள் முந்நூறு பேர்
வெளியே கறி சுடும் புகையை நோக்கி நடந்தார்கள்.

வெறுந்தரை.
அதை எனக்குத் தெரியும்.
அதோடுதான் ஒன்றரை வருஷமாக வாழ்கிறேன்.

பென் டிரைவைப் பிடுங்கினேன்.
நூற்றுப் பதினாறு.
அந்த ஆறாவது பாட்டை
அடிநாதம் மட்டும் ஏழு நிமிடம் நடக்கவிட்டேன்.
வெள்ளைத் தொப்பிக்காரன் ஒருவன் வாசலில் நின்று
எலும்பைக் கடித்தபடி தோளை ஆட்டினான்.
பிறகு அவனுடைய ஆட்கள்.
பிறகு, பெண்கள் கழிவறையில் கோபமாகக் காத்திருந்த மூவர்.
விடியும்போது எண்ணினேன். நாற்பது பேர்.
எண்பது கால்கள்.
நாற்காலிகளில் பாதிதான்,
ஆனால் இவை தரையில் இருந்தன.

கதை அங்கே மாறவில்லை.
அடுத்த வாரம் ட்லாடியின் கார் ஓடியது,
எனக்கு மறுபடி ஏழிலிருந்து ஒன்பது.
கோழிக்கால் இரண்டானது, அவ்வளவுதான்.

ஏழேமுக்காலுக்கு ஒருத்தி வந்தாள்,
நீலச் சீருடை, மார்பில் பெயர்ப்பட்டை.
யாரையும் கேட்காமல் ஒரு நாற்காலியை இறக்கினாள்.
உட்காரவில்லை.
அதன்மேல் பையை வைத்தாள்,
குனிந்து ஷூவைக் கழற்றினாள்.