பரங்கிக்காய்க்குப் பல் வைத்த இரவு

"சாம்பாருக்கா, அல்வாவுக்கா?" என்றார் கடைக்காரர்.
முகம் செதுக்க என்றேன்.
தராசிலிருந்து காயைத் திரும்ப எடுத்து
ஒருமுறை அதைப் பார்த்தார்,
ஒருமுறை என்னை.
பிறகு வேறொன்றைத் தேடித் தந்தார்.
"இது கொஞ்சம் கோணல். உங்களுக்குச் சரியா இருக்கும்."

ஐப்பசி பதினான்கு.
நீடாமங்கலத்தில் மூன்றாம் நாளாக மழை.
அரிசி ஆலைக் கணக்கை நாலு மணிக்கே மூடிவிட்டு
மாடி வீட்டுக்குப் பேய் பிடிக்கவைத்துக்கொண்டிருந்தேன்.
பழைய கொசுவலையைக் கிழித்துச் சிலந்திக்கூடு.
ரத்தம் என்ற பெயரில் பீட்ரூட் சாறு.
பிடிகொழுக்கட்டையை நீளமாகப் பிடித்து
நுனியில் பாதாம் நகம்.
ஏற்கெனவே விரல் பதிந்த பண்டம்,
விரலாவதற்கு அதிகம் அடம்பிடிக்கவில்லை.

கீழ்வீட்டுக்காரர் படியேறி வந்து
காகித எலும்புக்கூட்டை மேலும் கீழும் பார்த்தார்.
"இவருக்குத் தனி வாடகை உண்டும்மா."
சிரித்தாரா, தெரியவில்லை.
இறங்கிப் போய்
தன் வாசல் நிலையில் தொங்கும் திருஷ்டி பூதத்தை
இரண்டு விரற்கடை திருப்பி
என் படிக்கட்டைப் பார்க்கவைத்தார்.

எட்டுக்கு வர வேண்டியவர்கள் ஒன்பதுக்கு வந்தார்கள்.
கேட் போட்டிருந்தது.
இந்த ஊரில் பேயே வந்தாலும்
சரக்கு ரயில் போன பிறகுதான் வர முடியும்.

ஹாஜிரா, தானே தைத்த வெள்ளைத் துணிக்குள்.
கண் துளைகளுக்குக் காஜா எடுத்திருந்தாள்.
தையல்நாயகி பிரசவ வார்டிலிருந்து நேராக,
அதே உடுப்பில், "இதைவிட என்ன வேஷம்?"
எட்வின் இரண்டு மெழுகுவர்த்தி கொண்டுவந்தான்,
கல்லறைத் திருநாளுக்கு வாங்கி வைத்தவை.
"கடன்தான். நாளை மறுநாள் அப்பாவுக்குக் கொடுக்கணும்."
குமரகுரு மட்டும் வேஷமில்லாமல்,
பயிர்க் காப்பீட்டு அட்டை கழுத்தில் ஆட:
"இந்த மழையில வயல்காரங்க பயப்படுறது இதுக்குத்தான்."

கரண்ட் போனது.
அது நான் ஏற்பாடு செய்ததல்ல.

கோணல் வாயால் பரங்கிக்காய் சிரித்தது.
இல்லாத ஊருக்கு டிக்கெட் கேட்கும் பெண்ணை
எட்வின் கவுன்ட்டருக்கு அழைத்து வந்தான்.
பூட்டிய வீட்டில் ஹாஜிராவின் தையல் மிஷின் ஓடியது.
தையல்நாயகி வாய் திறந்தாள்.
"என்னுது கதை இல்ல" என்று மூடிக்கொண்டாள்.
அப்போதுதான் கொஞ்சம் பயம் வந்தது.

படியில் காலடி.
கதவைத் திறந்தால்
கறுப்பாக, நீர் ஒழுக, முகமில்லாமல் ஒன்று,
நடுவில் ஒற்றைக் கண் எரிய.
நாங்கள் அலறினோம்.
அதுவும் அலறியது.

மின்வாரியம் செல்லக்கண்ணு.
மழைக்கோட்டு, தலைவிளக்கு.
மாடியில் தீ தெரிகிறது என்று யாரோ சொன்னார்களாம்.

உட்கார மாட்டேன் என்றார்.
நின்றபடியே ஒரு விரல் தின்றார், இன்னொன்றும்.
"நீங்க பேய் பார்த்திருக்கீங்களாண்ணே?"

"கோரையாத்துப் பக்கம் வயலுக்குள்ள கம்பி அறுந்து கிடக்கு.
பயிருக்கு மேல தண்ணி.
கம்பி எது, தண்ணி எதுன்னு தெரியாது.
லைன் ஆஃப் பண்ணியாச்சுன்னு போன்ல சொல்றாங்க.
சொல்றவன் என் சேக்காளிதான்,
குரல் தெரியும்.
இருந்தாலும் முதல் கால எடுத்து வைக்கிறப்ப…"

மென்று விழுங்கினார்.
"நெய் வாசம் நல்லாருக்கு."

அதன் பிறகு யாரும் கதை சொல்லவில்லை.
ஜன்னலில் ஐந்து தலை முட்டிக்கொண்டு
ஆற்றங்கரையில் போகும் சின்ன வெளிச்சத்தைப் பார்த்தோம்.
அது நின்றது. கீழே இறங்கியது.
ஹாஜிரா தன் பேயைக் கழற்றி
நாலாக மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

பதினொன்றே காலுக்கு மின்விசிறி சுற்றியது.
வழக்கம்போல் யாரும் கத்தவில்லை.
தையல்நாயகி மட்டும்,
முதல் அழுகை கேட்கும்வரை அடக்கி வைத்த மூச்சை
மெதுவாக விட்டாள்.

மறுநாள் பரங்கிக்காயைக் கூட்டு வைத்தேன்.
கண்ணும் பல்லும் போக முக்கால் கிலோ தேறியது.
கீழ்வீட்டுக்கும் ஒரு கிண்ணம்.
"என்னமோ ஒரு வாசம் வருதே?" என்றார்.
எட்வினின் அப்பாவுக்கு உரிய மெழுகு,
சொல்லவில்லை.
பூதம் இன்னும் என் படிக்கட்டைத்தான் பார்க்கிறது.