ஒன்றா, இரண்டா

நாள் முழுக்க நான் கேட்கிற கேள்வி அது.
கண் ஆஸ்பத்திரி, இருட்டறை,
எதிரே இருப்பவர் மூக்கில் இரும்புச் சட்டம்.
வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு
ஒண்ணு தெளிவா, ரெண்டு தெளிவா?
சனிக்கிழமை டவுன்ஹால் ரோட்டில்
கடைக்காரர் சிக்கந்தர்
கண்ணாடி மேசைமேல் இரண்டு பைனாகுலரை வைத்து
அதையே என்னிடம் கேட்டார்.

இரண்டும் எட்டுக்கு நாற்பத்திரண்டு.
இரண்டும் ஏழாயிரத்து எண்ணூறு.

ஒன்று போரோ.
தோள் அகன்றது, கனமானது,
கழுத்தில் மாட்டினால் யாரோ தொங்குகிற மாதிரி.
அதற்குள் போகும் வெளிச்சம்
மாசி வீதித் தேர் போல
நாலு முனையும் திரும்பித்தான் நிலைக்கு வருமாம்.
தலைகீழாய்ப் போனது நேராகிறது.
வேறு செலவில்லை.

மற்றது ரூஃப்.
ஒல்லி. நேர்க்குழாய். கைக்குள் அடங்கும்.
நேர் என்று நம்ப வேண்டாம்.
உள்ளே கூரை முகட்டில் வெளிச்சம் இரண்டாய்ப் பிளந்து
மறுபடி சேரும்போது ஒரு நூல் பிசகும்.
பிசகைச் சரிக்கட்ட ஒரு பூச்சு,
வெளிச்சம் கசியாமலிருக்க இன்னொரு பூச்சு.
காசெல்லாம் அந்தப் பூச்சில்தான்.
ஏழாயிரத்து எண்ணூறில் எந்தப் பூச்சை விட்டார்கள் என்று
சிக்கந்தருக்கும் தெரியவில்லை.

வாசலுக்கு வந்து மேலக்கோபுரத்தைப் பார்த்தேன்.
ரூஃபில் சுதைகள் எல்லாம் ஒரே தளத்தில்,
ஜவுளிக்கடை காலண்டரில் அச்சடித்தது போல.
போரோவில்
யாளியின் பல் முன்னால் வந்தது,
பல்லுக்குப் பின்னால் நாக்கு,
நாக்குக்குப் பின்னால் இருட்டு,
இருட்டிலிருந்து ஒரு கிளி தலையை நீட்டி
போக்குவரத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போனது.
ஆறு மணிக்கு மேல்
ரூஃபுக்குள் சீக்கிரம் பொழுது சாய்ந்தது.
போரோவில் இன்னும் பால் நிற வெளிச்சம்.

ஒண்ணு, என்றேன்.
பில் போட்டார்.

ஞாயிறு, சாமநத்தம் கண்மாய்.
கூட வந்த ஜெசிந்தா கழுத்திலும் ரூஃப்.
வீட்டுக்காரர் மஸ்கட்டில் வாங்கியது, ஐம்பத்திரண்டாயிரம்.
பாருங்கக்கா, என்று கழற்றிக் கொடுத்தாள்.
வாங்கியிருக்கக் கூடாது.

நத்தைக்குத்தி நாரை
முழுக்க மூடாத அலகோடு நின்றது.
அலகுக்கு நடுவே அந்த இடைவெளி,
இடைவெளிக்குள் தண்ணீர், தண்ணீரில் ஒரு சுளிப்பு.
கருப்பு கருப்பாய் இருந்தது.
சிறகோரத்தில் ஊதாக் கோடு இல்லை.
என்னுடையதில் இருக்கிறது;
அதுவரை நான் பார்க்காத கோடு.
இனி ஒவ்வொரு பறவைக்கும் இருக்கும்.

நாற்பத்து நாலாயிரத்து இருநூறு வித்தியாசம்.
வீட்டு வாடகை ஏழாயிரம் என்று
மனசு தானாகவே வகுக்கத் தொடங்கியது.
ஆறு மாதமும் கொஞ்சமும்.
ஆறு மாதம் தெருவில் படுத்தால்
ஊதாக் கோடு போய்விடும்.

அப்போது தூறல்.
ஜெசிந்தா அசையவில்லை,
மழையோடு மழையாய்த் தாழைக்கோழிகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.
நான் போரோவைத் துப்பட்டாவில் சுற்றி
நெஞ்சோடு அணைத்து
கருவேல மரத்தடிக்கு ஓடினேன்.
அங்கிருந்து வெறுங்கண்ணால் பார்த்தேன்.
வெள்ளையாய் ஏதோ. நிறைய.

வீட்டுக்கு வந்ததும்
செருப்புப் பெட்டியில் கிடந்த சிலிக்கா பொட்டலத்தை எடுத்து
உறைக்குள் போட்டேன்.
போதுமா தெரியாது.
பூஞ்சை பிடித்தால் சிக்கந்தர் பொறுப்பில்லை,
பில்லிலேயே போட்டிருக்கிறது.

திங்கட்கிழமை.
செக்கானூரணியிலிருந்து வந்த ஒருவர்,
வலது கண், நாலாவது வரி.
ஒண்ணு தெளிவாய்யா, ரெண்டா?
ரெண்டுலயும்தான் எழுத்துத் தெரியுது தாயி,
எதுக்கு இத்தன தடவ கேக்குறீக?

அடுத்த வில்லையைக் கையில் எடுத்தேன்.
போடாமல்
கொஞ்ச நேரம் வைத்திருந்தேன்.