சுரணை

வாஸன் தேவாலயம்
முக்கால் மணி நேரமாக ஒரே யன்னலில் நிற்கிறது.
முன்னால் ஒரு நெதர்லாந்துக் கரவன்,
அதன் பின்கண்ணாடியில் ஒரு நாய்
என்னையே பார்க்கிறது.
கோத்தார்ட் வாயில் சிவப்பு விளக்கு
கார்களை மலைக்குள்
சொட்டு மருந்து போல விடுகிறதாம்.
பதினொரு கிலோமீற்றர், என்றது வானொலி.

அப்போது முள் தொண்ணூறில் இருந்தது.

பாசலில் நான் ஓட்டுவது ட்ராம்.
நாற்பது தொன், தண்டவாளம், ஒரு மணி.
நின்றாலும் போனாலும் அதற்கு ஒன்றுதான்.
இது வேறு சாதி. இரண்டே இருக்கை.
முதுகுக்குப் பின்னால் எஞ்சின்,
மூக்கில் ரேடியேற்றர்,
கொதிநீர் எங்கள் இருவருக்கும் நடுவே
குழாயில் போய்ப் போய் வருகிறது.
ஓடினால் காற்றே போதும்.
நின்றால் விசிறி வரவேண்டும்.

"தொண்ணூற்றெட்டில் வரும்," என்றார் அத்தான்.
விற்ற அன்றும் அதைத்தான் சொன்னார்,
லீஸ்டாலில், கராஜ் வாசலில்,
ஆறாயிரத்து எண்ணூறு பிராங்கை
இரண்டு தரம் எண்ணியபடி:
"எல்லாம் ஓட்டோமற்றிக்."

தொண்ணூற்றெட்டு.
நூறு.
பக்கத்து வீட்டுச் சண்டைக்குக் காது கொடுப்பதுபோல
இருவரும் மூச்சடக்கி இருந்தோம்.
கேட்டது றொய்ஸ் ஆறு மட்டும்.
கீழே, பனி உருகிய தண்ணீர்,
கை வைத்தால் விறைத்துப்போகும்,
பாலத்துக்கடியால் தாராளமாய்ப் போய்க்கொண்டிருந்தது.

நூற்று மூன்று.
ஹீற்றரை முழுதாகத் திறந்தேன்.
அதுவும் ஒரு குட்டி ரேடியேற்றர்தானே.
யூன் மாதம், வெளியில் முப்பத்தொரு பாகை;
எஞ்சினின் காய்ச்சல்
என் பட்டுச்சேலைக்கு மாறியது.
அத்தான் வேட்டியை முழங்கால் வரை ஏற்றி
பாதங்களைத் தூக்கிப் பிடித்திருந்தார்.
பெலின்சோனாவில் பன்னிரண்டு மணிக்கு முகூர்த்தம்.
அக்காவும் பிள்ளைகளும் விடியவே வானில் போய்விட்டார்கள்.
அடுத்த வரிசையில் ஒருத்தி
மூடிய கண்ணாடிக்குள், ஏசிக் குளிருக்கு
கம்பளிச் சட்டை போட்டிருந்தாள்.

"காருக்குச் சூடு இருக்கு அத்தான்,
சுரணைதான் இல்லை."

அவர் சிரிக்கவில்லை.
சந்தனப் பொட்டு கரைந்து மூக்கில் இறங்கியது.

நூற்றெட்டு.
ஓரம் கட்ட ஓரமும் இல்லை.
"கோவிக்கக் கூடாது," என்றார்.
குனிந்தார். என் முழங்காலில் படாமல்
ஸ்டியறிங்குக்குக் கீழே கையை விட்டார்.
டக்.

மூக்குப் பக்கம் ஒரு உறுமல்,
பிறகு சீரான இரைச்சல்.
நூற்றேழு. வெகுநேரம் நூற்றேழு. நூற்று நாலு.
நாய் தலையைச் சரித்துப் பார்த்தது.

நகத்தளவு கறுப்புச் சுவிச்.
நாலு வருஷத்துக்கு முன் அவரே பூட்டியதாம்,
சூட்டை அறிகிற கருவி செத்த பிறகு,
பற்றரியிலிருந்து நேர் வயர்.
"சொன்னால் விலையைக் குறைப்பாய் எண்டு..."
வசனம் அங்கேயே நின்றுவிட்டது,
எங்கள் வரிசையைப் போல.

குகைக்குள் பதினேழு கிலோமீற்றர்
ஒரு கதையுமில்லை.
உள்ளே, வெளியை விட வெக்கை.
விளக்குகள் அவர் முகத்தில் விழுந்து விழுந்து போயின,
ஒவ்வொன்றுக்கும் அவர்
ஏதோ சொல்ல வாயெடுத்தவர் போல இருந்தார்.
முள் மட்டும் தொண்ணூறில்,
ஒன்றும் நடக்காத மாதிரி.

ஐரோலோவில் மழை.
தரிப்பிடத்தில் நிறுத்தித் திறப்பை எடுத்தேன்.
எஞ்சின் நின்றது. விசிறி நிற்கவில்லை.
நேர் வயர் அல்லவா,
கார் அணைந்தது அதற்குத் தெரியாது.
ஒரு கை வந்து நிறுத்தும் வரை,
இல்லையென்றால் பற்றரி சாகும் வரை
சுழலும்.

அத்தான் கீழே கையை நீட்டினார்.
"விடுங்கோ," என்றேன்.
"இன்னும் ஆறேல்லை."

பொனற்றில் விழுந்த மழை
புகையாய் எழும்பிக்கொண்டிருந்தது.
வேட்டிக் கரையை விரலால் நீவியபடி
கனநேரம் கழித்துக் கேட்டார்:
"எவ்வளவு குறைச்சிருப்பாய்?"

விசிறிச் சத்தத்தில் கேட்காத மாதிரி
மழையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.