பாதி அழுத்தம்

கடை மூடும் நேரம்.
எவரெட் பெல்க்கி கண்ணாடி மேசைமேல்
இரண்டு டார்ச்சுகளைக் கிடத்துகிறார்.
இரண்டும் கருப்பு. இரண்டும் ஒரு சாணுக்குள்.
வெளியே போர்ட்டேஜ் ஏரி
உறையலாமா வேண்டாமா என்று கிடக்கிறது.

"விலையில் அறுபது டாலர் வித்தியாசம், வார்டன்.
கையில் எடுத்தாலே தெரியும்."

தெரிகிறது.
முதலாவதன் மரை, வெண்ணெயில் கத்தி.
உடம்பெங்கும் சொரசொரப்பு,
உள்ளங்கையைக் கடிக்காத சொரசொரப்பு.
குலுக்குகிறேன், பேட்டரி வாய் திறக்கவில்லை.
சுவரில் விழும் வட்டம் நெய் நிறம்,
ஓரத்தில் கூடப் பிசிறில்லை.

பொத்தான் மட்டும் கழுத்தோரத்தில்,
சட்டைப் பித்தான் அளவில், தட்டையாக.
ஒருமுறை தட்டினால் நடுத்தரம்.
அழுத்திப் பிடித்தால் மங்கல்.
இருமுறைக்கு உச்சம்.
மும்முறை தட்டினால்
வெட்டி வெட்டி மின்னும்.
எவரெட் விரல் விட்டு எண்ணிக் காட்டுகிறார்.

இரண்டாவது
திருகும்போது சோற்றில் கல்லாய் நறநறக்கிறது.
உள்ளே ஸ்பிரிங் சாய்ந்து நிற்கிறது.
விளிம்பில் சாயம் இப்போதே வெளுப்பு.
ஒளி ஆஸ்பத்திரி நீலம்.
ஆனால் வால்முனையில் ஒரு ரப்பர் குமிழ்:
பாதி அழுத்தினால் வெளிச்சம்,
விட்டால் இருட்டு,
'டக்'கென்று முழுதும் அழுத்தினால்தான் நிலைக்கும்.
அவ்வளவுதான். வேறு வித்தை தெரியாது அதற்கு.

போன நவம்பர்.
மான் வேட்டைக்கு வந்து வழி தவறிய பையன்,
பதினான்கு வயது, பெயர் ஜூலியன்.
சதுப்போரம் ஒரு தேவதாரு அடியில்
குந்தியிருந்தவனை முதலில் கேட்டது என் காதுதான்.
பல் கிட்டும் சத்தம்.
அவன் கண் கூசாமல் மங்கலாய்க் காட்டலாமென்று
கையுறைக் கட்டைவிரலால் தடவினேன்.
பழைய டார்ச், பக்கவாட்டுப் பொத்தான்.
எத்தனை முறை தட்டினேனோ,
வெட்டி வெட்டி மின்னியது அவன் முகத்தில்.

எழுந்து ஓடினான்.
மறுபடி கண்டுபிடிக்க நாற்பது நிமிடம்.
ஒரு பூட்ஸ் சதுப்புக்குள் போயிருந்தது.
பிழைத்தான், விரல்களும் பிழைத்தன.
அவன் அம்மா வந்து என் கையைப் பிடித்தாள்.
நான் கையுறையைக் கழற்றவில்லை.

"விளக்கை அணையுங்கள், எவரெட்."
ஏன் என்று கேட்காமல் அணைக்கிறார்.
தூண்டில் புழு வைக்கும் குளிர்பெட்டி மட்டும் முனகுகிறது.
கையுறை மாட்டி முதலாவதை எடுக்கிறேன்.
கட்டைவிரல் கழுத்தைச் சுற்றுகிறது,
கதவிலக்கம் தெரியாத தெருவில் தபால்காரர் போல.
வைத்துவிடுகிறேன்.
இரண்டாவதை எடுக்கிறேன்.
முனை முனையில்தானே இருக்கும்.
பாதி அழுத்தம்:
எவரெட்டின் தாடை, சவரம் செய்யாத இரண்டு நாள்,
பின்னால் ஆரஞ்சு நிறத் தொப்பிகள்.
விட்டேன். எல்லாம் போயிற்று.

"இதன் வாலை அதன் உடம்பில் மாட்ட முடியுமா?"
முயன்று பார்த்தார்.
ஒன்றரைச் சுற்றில் இறுகி நின்றது.
"சம்பந்தம் ஒத்துவரவில்லை," என்றார்.
பிறகு, வியாபாரிக்கு அழகில்லாத நேர்மையோடு:
"ஒரு குளிர்காலம் தாங்கும்.
இரண்டாவதற்கு நான் வாக்குத் தரமாட்டேன்."

மலிவானதையே வாங்கினேன்.
கூடவே ஒரு குப்பி கிரீஸ்,
இரண்டு ரப்பர் வளையம்,
மரை தேய்க்க ஒரு பல்துலக்கி.
மிச்சமான அறுபது டாலரில்
அந்தத் தங்க வட்டம்
மனதில் இன்னும் கொஞ்சம் எரிகிறது, பொய் சொல்வானேன்.

வண்டியடியில் ஏதோ அசைந்தது.
பாதி அழுத்தினேன்.
பனிமுயல், பாதி வெள்ளை பாதி பழுப்பு,
வாயில் ஒரு காய்ந்த தண்டு.
உடனே விட்டுவிட்டேன்.
இருட்டில் அது தின்றுகொண்டிருந்தது என்றுதான் நினைக்கிறேன்.
மறுபடி அழுத்திப் பார்க்கவில்லை.