பின்காற்று

ஓருரோ நகரத்து உதிரிபாகக் கடையில்
இரண்டு ரேடியேட்டர்கள் சுவரில் சாய்ந்திருக்கின்றன.
ஒன்று அலுமினியம். பளபளப்பு.
கூடவே இரண்டு மின்விசிறி.
மற்றது செம்பு, நாலு வரிசைக் குழாய்.
தூக்க இரண்டு ஆள் வேண்டும்.

"அலுமினியம் இலேசு" என்கிறான் எலியோதோரோ.
சத்துர்னினா கோல்கே பதில் சொல்லவில்லை.
விரல் மடக்கித் தட்டிப் பார்க்கிறாள்.

அரிக்கா துறைமுகத்தில் கோதுமை மாவு ஏற்றி
கடலிலிருந்து கணவாய்க்கு ஒரே ஏற்றம்.
மேலே தண்ணீருக்குப் பொறுமை கிடையாது,
மூடி கொஞ்சம் தளர்ந்தால்
எண்பத்தைந்து டிகிரியிலேயே கொதித்துவிடும்.
அதே தண்ணீரில்
உருளைக்கிழங்கு வேக மட்டும் அரை நாள்.
காற்றும் அங்கே நோஞ்சான்.
விசிறி சுற்றும், வீச்சில் சத்து இருக்காது.

"போன ஆகஸ்டில் பின்காற்று" என்கிறாள்.
"அதுவும் லாரியும் ஒரே வேகம்.
பானெட்டில் கட்டிய ரிப்பன்
அசையாமல் தொங்கியது.
என்னைத் தள்ளிவிட்ட காற்று
எஞ்சினுக்கு ஒரு மூச்சுகூடத் தரவில்லை."

முள் சிவப்பைத் தொட்டதும்
கேபின் ஹீட்டரை முழுக்கத் திறந்துவிட்டு
எஞ்சினின் சூட்டைத் தன் காலில் வாங்கிக்கொண்டு
உச்சிவரை ஓட்டியிருக்கிறாள்.
வெளியே பனி.

செம்பையே எடுக்கிறாள்.
விசிறி? எஞ்சினோடு பெல்ட்டில் ஓடும்
எட்டு இறக்கை இரும்பு.

"ஏற்றத்தில் இருபது குதிரையைத் தின்னுமே?"
"தின்னட்டும்.
வேலை செய்கிறவனுக்குச் சோறு போடணும்."

பிறகு கேட்கிறாள்: "கூண்டு எங்கே?
அது இல்லாமல் விசிறி
தனக்குத்தானே வீசிக்கொள்ளும்."

"கூண்டுக்குத் தனிக் காசு."

சாவியை எடுத்தாள்.
எழுந்தாள்.

கூண்டு சும்மா வந்தது.