பதினோரு மீட்டர்

கூட்டத்துக்குத் தாமதமாகப் போனேன்.
தொப்பியைக் கழற்றக் கையை உயர்த்தினேன்.
பெற்றோர் குழுவில் சேரச் சம்மதம் என்று
என் பெயரை எழுதிக்கொண்டார்
தலைமையாசிரியை சல்தனாத்.

மலைச்சாலையில் வேன் ஓட்டுகிறவன் நான்.
காலையில் நரின் நகரத்துக்குப் பதினான்கு பேர்,
மாலையில் அதே பதினான்கும் இரண்டு ஆடும்.
பள்ளிக்கூடம் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம்
அதன் வாசலில் ஹாரன் அடிக்கக் கூடாது.

அன்றைய பேச்சு திரைச்சீலை.
தலைக்கு இருநூறு சோம்.
போன வருஷமும் திரைச்சீலைதான்,
அதற்கு முந்தின வருஷமும்.
பால் விற்கும் புருலாய் எழுந்தாள்.
பாக்கி மறக்காதவள்.
“ஜன்னல் பன்னிரண்டு. சீலை எத்தனை?”
யாரும் சிரிக்கவில்லை, யாரும் பதில் சொல்லவில்லை.
ரேடியேட்டருக்குள் தண்ணீர்தான்
ஏதோ முணுமுணுத்தது.

எனக்கு அய்பெரியின் பாட்டில் ஞாபகம் வந்தது.
ஏழாம் வகுப்பு.
காலையில் நிரப்பிக் கொடுப்பேன்,
சாயங்காலம் அப்படியே திரும்பி வரும்.
மறதிக்காரி என்று திட்டியிருக்கிறேன்.
போன ஞாயிறுதான் சொன்னாள்,
வேன் கண்ணாடியைத் துடைத்தபடி, என்னைப் பார்க்காமல்:
“குடித்தால் போக வேண்டும் அப்பா.”

போக வேண்டிய இடம் மைதானத்தின் கோடியில்,
பலகை அடித்த ஒரு குழி.
கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது.
ஜனவரியில் மைனஸ் முப்பது.
மூன்று பேராகப் போவார்களாம்:
ஒருத்தி உள்ளே,
ஒருத்தி கதவைப் பிடிக்க,
ஒருத்தி பையன்களை முறைக்க.

இதைத்தான் சொன்னேன். நன்றாகச் சொல்லவில்லை.
பாட்டில், பாட்டில் என்று இரண்டு தரம் திக்கினேன்.
ஆனால் அம்மாக்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.
எல்லார் வீட்டிலும் ஒரு மறதிக்காரி இருந்திருக்கிறாள்.

சல்தனாத் இழுப்பறையைத் திறந்தார்.
மாவட்டத்துக்கு எழுதிய கடிதங்கள் ஒன்பது.
வந்த பதில் ஒன்று: பரிசீலனையில்.
“எங்களிடம் ஏன் சொல்லவில்லை?”
“இருநூறு சோமுக்கே முகத்தைத் திருப்புகிறீர்கள்.”
“கணக்கைக் காட்டியிருந்தால் திருப்பியிருப்போமா?”
இரண்டு பக்கமும் உண்மை இருந்தது.
தேநீர் ஆறிக்கொண்டிருந்தது.

மறுநாள் நுழைவாசல் சுவரில்
நோட்டின் பக்கங்களை அவரே ஒட்டினார்.
விரல் நுனியெல்லாம் பசை.
அங்கேதான் படித்தோம்: எங்கள் திரைச்சீலைகள்
மூன்று குளிர்காலம் நிலக்கரியாக எரிந்திருக்கின்றன.
நிலக்கரி அரசாங்கம் தர வேண்டியது,
அதற்காகப் பெற்றோரிடம் கை நீட்டக் கூடாதாம்.
சீலைக்கு நீட்டலாமாம்.
புருலாய் கடைசி வரி வரை கூட்டிப் பார்த்தாள்.
“சரியாக இருக்கிறது” என்றாள்,
கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

தெருக்குழாயிலிருந்து பள்ளியின் பழைய சாமான் அறை வரை
அறுபத்து நான்கு மீட்டர்.
ஆழம் ஒன்றரை ஆள்,
இல்லையென்றால் குழாய் உறைந்து வெடிக்கும்.
பணம் இல்லாதவர்கள் மண்வெட்டியோடு வந்தார்கள்,
பணம் இருந்தவர்கள் தாமதமாக.
மாஸ்கோவில் பத்து வருஷம் குழாய் பூட்டி
முழங்காலைத் தொலைத்துத் திரும்பிய எகெம்பெர்தி
ஸ்டூலில் உட்கார்ந்து எல்லாரையும் ஏசினான்.
சரித்திர வாத்தியார் ஒரு குதிரை லாடத்தைக் கண்டெடுத்து
அரை நாள் வேலையைக் கெடுத்தார்.
பிள்ளையே இல்லாத தேனீக்காரர் ஒருவர்
தினமும் வந்தார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.
மாவட்டத்து ஆள் வந்து படம் எடுத்துப் போனார்.
எங்கள் முதுகுகள்தான் விழுந்திருக்கும்.

நவம்பர் ஒன்பதாம் தேதி
மண்வெட்டி மணி போல ஒலித்தது.
நிலம் இறுகிவிட்டது.
ஐம்பத்து மூன்று முடிந்து, பதினோரு மீட்டர் பாக்கி.
ஏப்ரல் வரை அது பாக்கிதான்.
புருலாய் அதையும் சுவரில் எழுதி ஒட்டினாள்.

பழைய கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் வாங்கினேன்,
நூற்றெண்பது சோம். ரசீதும் சுவரில் இருக்கிறது.
பனியில் ஆணி இறங்க மறுத்தது,
என் கட்டைவிரல் நகம் இன்னும் கறுப்பு.

நேற்று பாட்டில்
கால்வாசி குறைந்து வந்தது.
குடித்தாளா, கொட்டினாளா,
நான் கேட்கவில்லை.
காலையில் மறுபடி நிரப்பினேன்.